சங்கிலியா மருந்து?

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6ஆம் நாள், விடியும் முன்னர், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. தனியார் நடத்திவந்த மனநோயாளர் இல்லம் அது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் எழுந்து ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களைக் கட்டிவைத்தவர் யார் என்று நாடே கேட்டது. அவர்களைக் கொண்டுவந்து விட்டவர் யார் என்று கேட்டவர் மிகச் சிலரே. கொண்டுவந்து விட்டவர்கள் வேறு யாருமல்லர். பெற்றவரும் உடன்பிறந்தவரும் மணந்தவருமே ஆவர்.

அங்கே அடங்கியிருக்கும் இறைநேசரின் தர்காவைக் குறை கூற நான் எழுதுகோல் எடுக்கவில்லை. எரிந்த இல்லத்தை நடத்தியது தர்காவன்று. ஸியாரத் கூடுமா, கூடாதா என்னும் வழக்கையும் நான் இங்கே கிளறப் போவதில்லை. அந்த வழக்கை நம்மவர் வேண்டிய அளவுக்குக் கேட்டுவிட்டனர். என் வழக்கு வேறு. நம் வீடுகளில் ஒருவன் அறிவு கலங்கிப்போனால் நாம் முதலில் தேடுவது மருத்துவரையன்று, கயிற்றை. அவனே மது அருந்துபவனாகவும் இருந்துவிட்டாலோ, கயிற்றோடு சாபமும் சேர்ந்துகொள்கிறது. இது மார்க்கமா என்று கேட்கவே எழுதுகிறேன்.

தீ விபத்துக்குப் பின்னர் அத்தகைய இல்லங்களை அரசு மூடிற்று. அவற்றில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்து விசாரித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, மனநோயாளரை எந்த முறையிலும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டலாகாது என்று தெளிவாகவே தடுத்துவிட்டது. ஊர் அறியக் கட்டும் வழக்கம் குறைந்ததென்னவோ உண்மை. வீட்டார் மட்டும் அறியக் கட்டுவது ஒழிந்ததா? பின்கட்டு அறைகளின் வெளித்தாழ்ப்பாள்களை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அந்தக் கதவுகளின் அடியில் சோற்றுத் தட்டு தள்ளப்படுவதையும் கண்டிருக்கிறேன்.

திரை இரண்டு, அறிவு ஒன்று

அரபி பயின்றோர் அறிந்த ஒன்றை மற்றவர்க்கும் சொல்கிறேன். மதுவுக்கு அரபியில் 'கம்ர்' என்று பெயர். அச்சொல்லின் வேர் மூடுதலைக் குறிப்பது. பெண்டிர் தலையை மூடும் துணி 'கிமார்' எனப்படுவதும் அவ்வேரிலிருந்தே. அறிவை மூடுவதால் மது 'கம்ர்' ஆயிற்று. பித்துக்கு 'ஜுனூன்' என்று பெயர். அதன் வேர் மறைதலைக் குறிப்பது. கண்ணுக்கு மறைந்த படைப்பு 'ஜின்'. கருவறையில் மறைந்திருக்கும் சிசு 'ஜனீன்'. மரங்கள் அடர்ந்து மறைத்த சோலை 'ஜன்னத்'. அறிவு மறைக்கப்பட்டவன் 'மஜ்னூன்'. 'மஜ்னூன்' என்றவுடன் ஜின்னை மட்டும் நினைப்பவர்கள் அதே வேரில் கிளைத்த ஜனீனையும் ஜன்னத்தையும் நினைத்துப் பார்க்கட்டும்.

ஆகவே மொழியே நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. மது அறிவை மூடும் திரை. பித்து அறிவை மறைக்கும் திரை. திரைகள் இரண்டு, உள்ளே அகப்பட்ட அறிவு ஒன்று. ஒருவனிடத்தில் இரண்டு திரைகளும் விழுந்திருந்தால் ஒன்றை மட்டும் விலக்கிப் பயனில்லை.

நம் இமாம்கள் ஷரீஅத்தின் நோக்கங்களை ஐந்தாக வகுத்தனர்: மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள் ஆகியவற்றைக் காத்தல். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'அல் முஸ்தஸ்ஃபா'வில் இதனை விளக்கியுள்ளார்கள். மது ஏன் தடுக்கப்பட்டது என்று எந்த மதரஸா மாணவனைக் கேட்டாலும், அறிவைக் காக்க என்பான். நான் கேட்பது இதுதான்: அறிவைக் காப்பதற்காக மதுவைத் தடுத்த மார்க்கம், அதே அறிவு நோயுற்று நிற்கையில் அதனைக் கைவிடச் சொல்லுமா? காக்க வேண்டிய பொருள் ஒன்றாயிருக்க, மதுவைப் பற்றி மட்டும் மிம்பரில் முழங்குவோம், மனநோயைப் பற்றி வாய் திறக்கமாட்டோம் என்பது என்ன நீதி?

என் மாணவன்

பிறரைக் குறை கூறும் முன் என் குறையைக் கூறிவிடுகிறேன். என்னிடம் ஓதிய மாணவன் ஒருவன். பெயரும் தெருவும் வேண்டா. இனிய குரல் படைத்தவன். ஓதி முடித்துத் தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதச் சேர்ந்தான். இருபத்து மூன்றாம் வயதில் அவனிடம் ஒரு மாற்றம் கண்டார்கள். மூன்று வாரம் உறங்காமல் ஓயாது பேசினான்; கடன் வாங்கி ஊரெங்கும் வாரி இறைத்தான்; தானே ஒரு கப்பல் வாங்கப் போவதாகச் சொன்னான். பின்னர் இரண்டு மாதம் போர்வையை விட்டு எழவில்லை, குளிக்கவில்லை, தொழவில்லை. வீட்டார் "கண்ணேறு" என்றனர். சிறிது தெளிந்தான், மீண்டும் கலங்கினான். உறக்கம் வராத ஓர் இரவில் உடன் வேலை செய்பவன் ஒரு குவளையை நீட்டினான். அன்றிரவு உறங்கினான். அடுத்த இரவும் அதையே நாடினான். மூன்றாண்டில் காலையிலும் குடியின்றிக் கை நிற்காத நிலைக்கு வந்தான்.

இதில் எது முன், எது பின் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் குடிகாரன் என்று பெயரெடுத்த அன்றே, அவனுக்கு முன்பிருந்த நோய் ஊரார் நினைவிலிருந்து அழிந்துபோயிற்று.

ஒரு ஷஅபான் மாதத்துக் கடைசி வெள்ளியன்று அவன் வாப்பா அவனை என்னிடம் அழைத்துவந்தார். நான் அவனைத் தவ்பாச் செய்யச் சொன்னேன். இனி ஒரு துளியும் தொடேன் என்று சத்தியம் வாங்கினேன். அவன் மெய்யாகவே அழுதான்; மெய்யாகவே நிறுத்தினான். ரமலான் பிறந்தது. மூன்றாம் நோன்பன்று அந்தியில் அவனுக்கு உடல் முழுதும் நடுக்கம் கண்டது, வலிப்பு வந்தது, சுவரில் எறும்புகள் ஊர்வதாகவும் யாரோ தன்னைக் கொல்ல வருவதாகவும் அலறினான். நான் தண்ணீரில் ஓதி ஊதினேன். வந்திருந்தவர்கள் ஜின் என்றனர். "அமாவாசை வேறு நெருங்குகிறது, கட்டிப்போடுங்கள்" என்றார் ஒருவர். பிறை மூன்று கண்ட மாதத்தில் அமாவாசை எங்கே நெருங்கிற்று என்று கேட்கக்கூட அப்போது எனக்குத் தோன்றவில்லை! அவன் உம்மா என் முன் வந்து நின்று, "ஹஜ்ரத், என் பிள்ளையக் கட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றார்.

நான் வாய் மூடி நின்றேன். அவனுடைய மாமா வாய் திறந்தார். எழுத்தறிவு குறைந்தவர், தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்த சுக்கானி. "கடலில் சாராயம் தீர்ந்த மூன்றாம் நாள் எங்கள் தோணிக்காரன் ஒருவன் இப்படித்தான் நடுங்கிச் செத்தான். அவனை எந்த ஜின்னும் பிடிக்கவில்லை. வண்டியைக் கூப்பிடுங்கள்" என்றார். அவனை மருத்துவமனையில் சேர்த்தோம். "தாமதித்திருந்தால் பிழைத்திருக்கமாட்டான்" என்றார் மருத்துவர். ஓதிப் படித்த நான் சத்தியம் வாங்கினேன். ஓதாத சுக்கானி உயிரைக் காப்பாற்றினார். அன்று தொட்டு என் மனம் என்னை விடவில்லை.

உடம்பின் கணக்கு

அவனுக்கு வந்தது என்ன? நம் கடற்கரையார் எளிதில் விளங்கிக்கொள்ளும்படி சொல்கிறேன். பாய்மரப் படகில் காற்று ஒரு பக்கமாய் ஓங்கி அடிக்கும்போது, படகோட்டிகள் மறுபக்கம் சாய்ந்து உட்கார்ந்து படகைச் சமன் செய்வர். காற்று திடீரென நின்றுவிட்டால் என்னாகும்? சாய்ந்திருந்த பாரத்தால் படகு மறுபக்கம் கவிழும். மது மூளையை அடக்கி மந்தமாக்கும் பொருள். அது நாள்தோறும் அடக்க அடக்க, மூளை அதை எதிர்த்துத் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. ஒருநாள் மது திடீரென நின்றால், கூட்டிய வேகம் அடக்குவாரின்றிப் பாய்கிறது. முதலில் நடுக்கமும் வியர்வையும் தோன்றும். சிலருக்கு ஓரிரு நாளில் வலிப்பு வரும். சிலருக்குக் கடைசியாகக் குடித்த இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் இல்லாதன கண்ணுக்குத் தோன்றும், அறிவு குழம்பும், காய்ச்சல் ஏறும், நாடி தாறுமாறாய் ஓடும். சிகிச்சையில்லையேல் உயிரே போகலாம். மருத்துவமனையில் இதற்கு மருந்து உண்டு. படிப்படியாகக் குறைத்துத் தரும் அமைதிப்படுத்தும் மருந்துகளும் பி1 உயிர்ச்சத்தும் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கின்றன.

நாள்பட்டுக் குடித்தவனிடம் இன்றே நிறுத்து என்று சத்தியம் வாங்குமுன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் கட்டாயம் என்பதை ஒவ்வோர் இமாமும் அறிந்திருக்க வேண்டும். மது அரபுநாட்டில் ஒரே நாளில் தடுக்கப்படவில்லை என்பதை நாம் ஓதாமலா இருக்கிறோம்? முதலில் அதில் நன்மையினும் தீங்கு பெரிதென்று அறிவிக்கப்பட்டது. அடுத்து, போதையோடு தொழுகையை நெருங்கற்க எனப்பட்டது. அதன் பின்னரே முற்றிலும் விலக்கப்பட்டது. முதலிலேயே முழுத்தடை வந்திருந்தால் மக்கள் ஏற்றிருக்கமாட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கருதினார்கள் என்பதும் நாம் படித்ததே. படைத்தவன் மனிதனின் பழக்கத்தை அறிந்து படிப்படியாய் நடத்தினான். நாமோ ஒரு வெள்ளிக்கிழமையில் முடித்துவிடப் பார்க்கிறோம்!

முடிந்ததாக நினைத்தோம்

மாணவன் பிழைத்தான். குடிநோய்க்குச் சிகிச்சை முடித்து வீடு வந்தான். நாங்கள் அல்ஹம்து சொன்னோம். ஆறு மாதத்தில் மீண்டும் உறக்கம் கெட்டது. மீண்டும் குவளையைத் தேடினான். "மருத்துவமும் பார்த்தாயிற்று, இவன் திருந்தாத ஜென்மம்" என்றது ஊர். வேறோர் இடத்தில் மனநோய்க்குக் காட்டப் போனால், "முதலில் குடியை விட்டுவிட்டு வாருங்கள், பிறகு பார்ப்போம்" என்றார்கள். குடியை விடச் செய்யும் இடத்திலோ மனக்கலக்கத்தைப் பற்றிக் கேட்பாரில்லை. இரு கரைக்கும் நடுவே அலைக்கழிந்தான்.

கடைசியில் ஒரு மருத்துவர்தாம் அந்த எளிய கேள்வியைக் கேட்டார்: "குடி தொடங்குமுன் எப்படி இருந்தான்?" உம்மா, கப்பல் வாங்கப் போவதாகச் சொன்ன கதையைச் சொன்னார். அப்போதுதான் இருமுனை மனநோய் என்ற பெயரே எங்கள் காதில் விழுந்தது. மனம் ஒரு காலத்தில் கட்டுக்கடங்காமல் பொங்குவதும், மறு காலத்தில் எழ இயலாதபடி அமிழ்வதுமான நோய் அது. இரண்டு நோய்க்கும் ஒரே மருத்துவக் குழு, ஒரே காலத்தில் சிகிச்சை தொடங்கிற்று. இன்று அவன் கணக்கெழுதுகிறான். முழுவதும் நலமானான் என்று சொல்லமாட்டேன். இடையில் இருமுறை வழுக்கினான். ஆனால் வழுக்கிய மறுநாளே மருத்துவரிடம் போனான். அவன் இசைவு பெற்றே இதை எழுதுகிறேன்.

இது அவன் ஒருவனுக்கு மட்டும் நேர்ந்ததன்று. மனச்சோர்வு நோய், இருமுனை மனநோய், மனச்சிதைவு ஆகியவை உள்ளவர்களிடம் மதுவோ கஞ்சாவோ புகையிலையோ பற்றிக்கொள்வது மற்றவர்களினும் மிகுதி என்பது மருத்துவ உலகம் அறிந்தது. நோயின் வேதனையை அடக்கப் போதையை நாடுவோர் பலர் என்று அமெரிக்க மனநல மருத்துவர் எட்வர்ட் கான்ட்சியன் 1985இல் எடுத்துரைத்தார். அது முழுக் கதையன்று. போதையே மனநோயைத் தூண்டுவதும் உண்டு. கஞ்சாவை இளவயதில் மிகுதியாய்ப் புகைப்போருக்கு மனச்சிதைவு வரும் அபாயம் கூடுகிறது. இரண்டுக்கும் பொதுவான வேர் பரம்பரையிலோ இளமைத் துயரிலோ இருப்பதும் உண்டு. எது முதலில் வந்தாலும் பின்னர் ஒன்றையொன்று வளர்க்கும். ஆகவே இரண்டையும் ஒருங்கே பார்க்கும் சிகிச்சையே ஏற்றதென்று அறிந்து, 1980களிலிருந்து அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் ராபர்ட் டிரேக் முதலியோர் அம்முறையை நடத்திக் காட்டினர். நம் நாட்டுச் சட்டமும், 2017ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் சொல்கிறேன், மது, போதைப்பொருள்களால் நேரும் மனநிலைக் கேடுகளை மனநோய் என்னும் இலக்கணத்துள்ளேயே வைத்துள்ளது. சட்டம் ஒன்றாய்க் கண்டதை நாம் ஏன் பிரித்துக் காண்கிறோம்?

மூன்று குரல்களுக்கு மறுமொழி

முதற்குரல் சொல்லும்: "குடித்தவன் பாவி. பாவத்தை நோய் என்று சொல்லி மன்னிக்கப் பார்க்கிறீர்கள்." நான் ஹராமை ஹலாலாக்க வரவில்லை. ஹராம் ஹராமே. ஆனால் பாவம் செய்தவனுக்கு நோய் வராது என்று எந்த நூலில் இருக்கிறது? விலக்கப்பட்டதைத் தின்று வயிறு வீங்கியவனுக்கு மருத்துவம் செய்யாமல் விடுவோமா? மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட தோழர் ஒருவரை மற்றொருவர் சபித்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சான்றும் பகர்ந்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் உள்ள இச்செய்தியை ஓதிக்கொடுப்பவர்கள், தெருவில் தள்ளாடி வருபவனைக் கண்டால் மட்டும் ஏன் மறந்துவிடுகிறார்கள்? அன்றியும், புத்தி பேதலித்தவன் தெளியும்வரை அவன்மீது கடமைப் பொறுப்பு இல்லை என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை. இறைவன் கணக்கெழுதாதவன்மீது ஊரார் கணக்கெழுதுவது எவ்வளவு துணிச்சல்!

இரண்டாம் குரல் சொல்லும்: "இது ஜின்னின் வேலை, மருத்துவர் என்ன செய்வார்?" ஜின் உண்டென்பது நம் நம்பிக்கை, அதில் தர்க்கமில்லை. ஆனால் மூன்றாம் நாள் நடுக்கத்தை மருந்து தணிக்கிறது. பல மாதக் கலக்கத்தை மருந்து தெளிவிக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படும் ஒன்றுக்கு மருந்து கொடுக்காமல் காத்திருப்பதை மார்க்கம் என்று பெயரிட்டு அழைக்காதீர்கள். நோய்க்கு மருத்துவம் தேடச் சொன்னவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். நம் முன்னோர் இதில் பின்தங்கியவர்களுமல்லர். ஹிஜ்ரி 322இல், அதாவது கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலில் உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் சேர்த்தே பேசினார். காரணம் தெரிந்த துயரத்தையும் காரணம் தெரியாது உடலிலிருந்து எழும் துயரத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளருக்கும் இடமிருந்தது. அலெப்போவில் 1354இல் எழுந்த அர்கூன் மருத்துவமனையின் நீரூற்று முற்றங்களை இன்றும் காணலாம். அவ்வழி வந்த சமுதாயம், கீற்றுக் கொட்டகையில் சங்கிலி பூட்டியவர்களிடம் பிள்ளையை ஒப்படைத்ததே, அந்தோ!

மூன்றாம் குரல் மெல்ல ஒலிக்கும். ஆனால் அதுவே பெருங்கேடு செய்வது. "ஒரு கல்யாணத்தைச் செய்துவைத்தால் சரியாகிவிடும்" என்பதே அக்குரல். எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறோம்! மகனின் நோயை மறைத்து, குடியை மறைத்து, ஒரு பெண்ணின் கையில் அவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தம் கடமை முடிந்ததென்று இருப்பவர்கள், நிகாஹ் என்பது மருந்துச்சீட்டு என்று நினைத்தார்களா? தெரிந்த குறையை மறைத்து மாட்டை விற்பதே மோசடி. மனிதனை மறைத்துக் கொடுப்பதை என்னென்பது? அந்தப் பெண் இரண்டு நோயையும் ஒருத்தியாய்ச் சுமக்கிறாள், அடியும் தாங்குகிறாள், ஈராண்டில் பிள்ளையோடு தாய்வீடு திரும்புகிறாள். அவளுக்கு "ராசியில்லாதவள்" என்ற பட்டம் வேறு. நோயுள்ளவன் மணம் புரியலாகாது என்று நான் சொல்லவில்லை. சொல்லி, சிகிச்சை பெற்று, இருவரும் அறிந்து மணக்கட்டும்.

கடைகளும் கரையும்

பழியெல்லாம் வீட்டாருடையது என்றும் சொல்லமாட்டேன். தமிழகத்தில் மதுவை 2003 முதல் அரசே கடை வைத்துச் சில்லறையாய் விற்கிறது. நம் துறைமுகத்தின் வழியே வரும் போதைப்பொருளோ மதுவினும் கொடியது. 2021 ஏப்ரலில் தூத்துக்குடித் துறைமுகத்தில் மரத்தடிகள் வந்த பெட்டகத்திலிருந்து முந்நூறு கிலோவுக்குக் குறையாத கோகைன் கைப்பற்றப்பட்டது. சிகிச்சையின் நிலைமையோ வேறு. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமைப்பட்டோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். 2015, 2016ஆம் ஆண்டுகளில் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய ஆய்விலோ, மனநோயாளருள் சிகிச்சை எட்டாதவர்கள் நோய்க்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 வரை என்று கண்டார்கள். இரண்டு நோயும் ஒருசேர உள்ளவனின் கதியை வாசகர்களே எண்ணிப் பாருங்கள்.

கயிறும் சங்கிலியும்

முத்துக்குளித்த கரை நம்முடையது. அரசு நடத்திய முத்துக்குளிப்பு இங்கே 1961க்குப் பின் நடைபெறவில்லையாயினும், பெரியவர்களின் பேச்சில் அது இன்றும் உண்டு. குளிப்பவன் கல்லைக் காலில் சேர்த்துக் கடலடிக்கு இறங்குவான். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழிருந்து அசைவு வந்ததும் இழுத்தாக வேண்டும். ஒரு நொடி அயர்ந்தால் ஓர் உயிர். ஆகவே கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடமே கொடுப்பர். தங்கை தாலியறுக்க அவன் மனம் கொள்ளான் என்பது இக்கரையில் சொல்லும் மரபு. அக்காலத்தில் சுறாவைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரிக்கும் 'கடல்கட்டி'களும் உண்டு. அவர்களுக்கு அரசே ஊதியம் கொடுத்த காலமும் உண்டு. ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். கடல்கட்டி கரையில் மந்திரித்துக்கொண்டிருக்கிறான் என்பதற்காகத் தோணியில் இருந்தவன் கயிற்றை விட்டுவிடவில்லை.

நானும் அதையே சொல்கிறேன். ஓதுங்கள், துஆச் செய்யுங்கள்; அது நம் உரிமை, நம் ஆறுதல். கயிற்றை மட்டும் விடாதீர்கள். குஜராத்தில் ஊனாவா என்னும் ஊரிலுள்ள மீரா தாத்தார் தர்காவில் 2008 முதல் துஆவோடு மருந்தும் தரும் ஏற்பாடு நடக்கிறது. தர்காவின் பொறுப்பாளர்களே நோயாளரை மருத்துவரிடம் அனுப்பிவைக்கின்றனர். அம்முறை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. தீயில் 28 பேரைப் பறிகொடுத்த ஊரில் இது இயலுமெனில், நம் ஜமாஅத்துகளில் ஏன் இயலாது?

கயிறும் பிணைப்பது, சங்கிலியும் பிணைப்பது. ஆயினும் கயிற்றின் மறுமுனையை ஒரு மனிதன் பிடித்திருக்கிறான். சங்கிலியின் மறுமுனை கம்பத்தில் இருக்கிறது. என் மாணவனுக்கு அன்று கயிற்றைப் பிடித்தவர் சுக்கானி மாமா.

செய்ய வேண்டுவன

ஜமாஅத்துப் பெரியோர்க்கு என் விண்ணப்பங்கள் இவை. ஆண்டுக்கு ஒரு ஜும்ஆவிலேனும் மனநோயைப் பற்றியும் போதையைப் பற்றியும் ஒரே குத்பாவில், சாபமின்றிப் பேசச் செய்யுங்கள். பைத்துல்மாலில் இதற்கென ஒரு பங்கு ஒதுக்குங்கள். நோயால் வறுமையுற்ற குடும்பம் ஸகாத்துக்கு உரியதே. ஓதிப் பார்க்க வருவோரை மருத்துவரிடமும் அனுப்புமாறு நம் லெப்பைமாரையும் ஆலிம்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, தூத்துக்குடியிலும் உண்டு. செல்ல நாணுவோர் வீட்டிலிருந்தே பேச, மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது, கட்டணமில்லை.

வீட்டிலுள்ள தாய்மார்க்கும் ஒரு சொல். மருத்துவரிடம் பாதியைச் சொல்லிப் பாதியை மறைக்காதீர்கள். குடியைச் சொல்ல நாணி மனக்கலக்கத்தை மட்டும் சொன்னாலும், கலக்கத்தைச் சொல்ல அஞ்சிக் குடியை மட்டும் சொன்னாலும், பாதி நோய்க்கே மருந்து கிடைக்கும். எது முன் வந்தது, எந்த வயதில், உறக்கம் எப்படி, குடும்பத்தில் முன்னர் யாருக்கேனும் இருந்ததா என்பவற்றை உங்களினும் நன்கறிந்தவர் எவருமில்லை. மருத்துவர் ஒரு நோயை மட்டும் பார்த்தால் மற்றொன்றையும் பாருங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மீண்டும் வழுக்கினால் அதனைத் துரோகமென்று கொள்ளாதீர்கள்; சர்க்கரை நோயாளியின் சர்க்கரை ஏறினால் வீட்டை விட்டா துரத்துகிறோம்?

மூன்றாம் நோன்பன்று நான் வாய் மூடி நின்றேன். இன்று பேசுகிறேன். அன்று பேசியிருக்க வேண்டும். எங்கோ ஒரு பின்கட்டு அறையில், இரண்டு திரைகளுக்குள் அகப்பட்ட ஓர் அறிவு இவ்வேளையிலும் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. இதை வாசித்து முடித்ததும் எழுந்து சென்று அந்தத் தாழ்ப்பாளைத் திறப்பவர் யாரோ, அவருக்கு வல்ல நாயன் நற்கூலி வழங்குவானாக! நோயுற்றோர் யாவர்க்கும் முழுநலம் அருள்வானாக! ஆமீன்.